செட்டியார் தெருப் பொன்னும் மாத்தறைக் கல்லும்

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் வாழ்வோருக்குச் செம்பும் வெள்ளியும் பொன்னும் பாடப்புத்தகத்தில் மட்டும் சந்திக்கும் பதார்த்தங்கள் அல்ல. அயலிலுள்ள செட்டியார் தெரு நகைக்கடைகளுக்குப் பேர்போனது. சுற்றிலும் கோவில்கள் இருப்பதால் செப்புக் குடமும் வெள்ளிக் கவசமும் பொன்னாபரணமும் கண்ணிற் படாத நாள் அங்கு அரிது. துறைமுகத்திலிருந்து உப்புக்காற்று வீசும் அந்தப் பகுதியில், துலக்காமல் விட்ட செப்புப் பாத்திரம் சில காலத்திற் பச்சைக் களிம்பு பூண்கிறது. காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் தீண்டிய வெள்ளி கறுத்துப் போகிறது. பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த பொற்சங்கிலியோ, அழுக்கை அகற்றிவிட்டால், செய்த நாளில் இருந்த நிறத்துடனேயே விளங்குகிறது. சுபாவத்தில் இவ்வளவு வேறுபட்ட மூன்றையும் ஒரே குடும்பமாகக் கருதி, ஆவர்த்தன அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரசாயன சாஸ்திரம் வைத்திருக்கிறது. அப்படி வைத்தது முற்றிலும் சரியே. ஆயினும் அக்கூட்டத்தின் அடியில் நிற்கும் பொன் அட்டவணையின் பொது நியதிக்கு மாறாக நடக்கிறது; அந்த மாறுபாட்டுக்குரிய காரணத்தில் ஒரு பெரும் பகுதியை, நம்முடைய தீவின் மணலிலும் இரத்தினக் கல்லிலும் கிடக்கும் வேறு சில மூலகங்களிடம் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

ருசிய நாட்டு அறிஞர் மெண்டலீவ் 1869ஆம் ஆண்டில், அதுவரை அறியப்பட்ட மூலகங்களை அணுநிறைக் கிரமத்தில் நிரைப்படுத்தியபோது, ஒரு குறித்த இடைவெளிக்குப் பின் ஒத்த குணங்கள் திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் கண்டார். கண்டதோடு நில்லாமல், நிரையில் வெற்றிடம் விழுந்த இடங்களில் இன்னும் கண்டுபிடிக்கப்படாத மூலகங்கள் இருத்தல் வேண்டுமெனத் துணிந்து கூறி, அவற்றின் குணங்களையும் முன்னதாகவே எழுதிவைத்தார். 1875இல் கல்லியமும், 1879இல் ஸ்கந்தியமும், 1886இல் ஜெர்மானியமும் அவர் எழுதியவாறே வெளிப்பட்டன. மூலகங்களை உண்மையில் வரிசைப்படுத்துவது நிறையன்று, கருவிலுள்ள நேர்மின்னேற்றத்தின் எண்ணிக்கையே என்பதை 1913இல் மோஸ்லி என்ற இளைஞர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு நிறுவினார். இரண்டாண்டுகளில் அவர் கலிப்பொலி யுத்தகளத்தில் மாண்டது விஞ்ஞானத்துக்கு நேர்ந்த பேரிழப்பு.

அட்டவணையில் மூலகங்களின் குணங்கள் மாறிச் செல்லும் போக்கைப் புரிந்துகொள்ள இரண்டு எண்ணங்கள் போதும். அணுவின் நடுவே கரு; அதைச் சூழ ஓடு ஓடாக இலத்திரன்கள். ஓர் ஆவர்த்தனத்தில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது கருவின் ஏற்றம் ஒவ்வொன்றாகக் கூடுகிறது. ஆனால் புதிதாக வரும் இலத்திரன்கள் அதே வெளியோட்டிலேயே அமர்வதால் ஒன்றையொன்று கருவினின்று மறைக்கும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. ஆகவே கருவின் ஆகர்ஷணம் மிகுந்து அணு சுருங்குகிறது. சோடியத்தின் ஆரை 186 பைக்கோமீற்றர். அதே நிரையின் வலப்பக்கத்திலுள்ள குளோரீனுக்கு 99 மாத்திரமே. சோடியத்திலிருந்து ஓர் இலத்திரனைப் பறிக்க ஒரு மூலுக்கு 496 கிலோயூல் போதும். குளோரீனுக்கு 1251 வேண்டும். முன்னது கொடுக்கும் சுபாவமும் பின்னது வாங்கும் சுபாவமும் பெற்றிருப்பதாலேயே, இரண்டும் சேர்ந்து நம் சமையலறை உப்பாகின்றன. மேலிருந்து கீழாக இறங்கும்போதோ, படிக்கு ஒரு புதிய ஓடு சேர்வதால் அணு பருக்கிறது. வெளி இலத்திரன் கருவுக்குத் தூரமாகி, எளிதிற் கழன்றுவிடுகிறது. நீர் நிறைந்த தொட்டியில் இலிதியத் துண்டு அமைதியாகக் குமிழிட்டு மிதப்பதையும், சோடியம் உருகி உருண்டு விரைந்தோடுவதையும், பொற்றாசியம் ஊதாச் சுவாலையுடன் எரிவதையும் பாடசாலை ஆய்வுகூடத்திற் பார்த்த மாணவர் எவருக்கும் இந்த இறங்கு நியதியை வேறு சான்று கொண்டு நிரூபிக்க வேண்டியதில்லை.

இந்த விதியோடு செம்பின் கூட்டத்துக்கு வருவோம். பொற்றாசியம், உருபீடியம், சீசியம் என இறங்க இறங்க முதல் இலத்திரனைப் பறிக்க வேண்டிய சக்தி 419, 403, 376 என ஒழுங்காகக் குறைகிறதன்றோ? செம்புக்கு அது 745, வெள்ளிக்கு 731, அவ்வொழுங்கின்படி பொன்னுக்கு இன்னும் தாழ்ந்து, பொன் வெள்ளியை விட எளிதிற் கெடும் உலோகமாய் இருந்திருத்தல் வேண்டும். இருப்பதோ 890. ஆரையை நோக்கினாலும் இதே வியப்பு. செம்பு 128 பைக்கோமீற்றர், வெள்ளி 144, பொன்னும் 144! முப்பத்திரண்டு புரோத்தன்களும் முப்பத்திரண்டு இலத்திரன்களும் அதிகமாகச் சேர்ந்த பின்னரும் அணு ஓர் அணுவளவேனும் பருக்கவில்லை. ஒரே பருமனுக்குள் ஏறக்குறைய இரு மடங்கு நிறை அடைபட்டிருப்பதாலேதான் வெள்ளியின் அடர்த்தி 10.5 ஆக இருக்க, பொன்னுடையது 19.3 ஆகிறது. ஒரே அளவுள்ள இரண்டு வளையல்களைக் கையிலெடுத்து, கண்ணை மூடியபடியே எது பொன், எது வெள்ளி என்று சொல்லக்கூடிய நகைத் தொழிலாளியின் உள்ளங்கை இந்த உண்மையை நெடுங்காலமாக அறியும்.

பொன்னை இப்படி இறுக்கியது எது என்பதற்கு விடை தேடிப் போகும் வழி மாத்தறை மார்க்கமாகச் செல்கிறது. மாத்தறை வைரம் என்று பெயர் பெற்ற நிறமற்ற கல் உண்மையில் வைரமன்று. அது சிர்க்கன், சிர்க்கோனியமும் சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த கனிப்பொருள். ஒளியை முறித்துச் சிதறடிக்கும் ஆற்றல் மிக்கதாதலால் வைரம் போலவே தீப்பொறி காட்டும். இலங்கையிலிருந்து சென்ற இத்தகைய கல்லொன்றை 1789ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து இரசாயனப் பண்டிதர் கிளாப்ரோத் பகுத்தாராய்ந்து, அதிலிருந்தே சிர்க்கோனியம் என்ற மூலகத்தை உலகுக்கு அறிவித்தார். நம்முடைய ஊர்க் கல் ஒன்று ஆவர்த்தன அட்டவணையில் ஓர் இடத்தை நிரப்பியது என்ற இந்தச் செய்தியை நம் பாடசாலைப் பிள்ளைகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டுமென்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அந்தக் கல்லுக்குள் இன்னொரு மூலகமும் ஒளிந்திருந்தது. கிளாப்ரோத்தும், அவருக்குப் பின் வந்த எத்தனையோ கைதேர்ந்த ஆய்வாளர்களும், 134 ஆண்டுக் காலம் அதைக் காணவில்லை. மோஸ்லியின் வரிசையில் 72ஆம் இடம் வெறுமையாகக் கிடந்தது. அதற்குரியது அருமண் மூலகங்களுள் ஒன்றாயிருக்குமென எண்ணிப் பலர் அம்மண்களிலேயே தேடினர். இலத்திரன் ஓடுகளின் அமைப்பைக் கணித்த நீல்ஸ் போர், அருமண் வரிசை 71ஆம் மூலகத்தோடு முற்றுப்பெற வேண்டும், 72ஆவது சிர்க்கோனியத்தின் கீழ் நிற்கும் அதன் உடன்பிறப்பாகவே இருத்தல் வேண்டும் எனக் கூறினார். அவருடைய கோப்பன்ஹேகன் நிலையத்திலே கோஸ்டர், ஹெவெசி என்ற இருவர் சிர்க்கன் கனிமத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய, 1923இல் ஹாஃப்னியம் வெளிப்பட்டது. இயற்கையிற் கிடைக்கும் சிர்க்கோனியத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு முதல் சில பங்கு வரை அது கலந்தே இருக்கிறது. இவ்வளவு காலம் அது அகப்படாமைக்குக் காரணம் மிகவும் எளியது: சிர்க்கோனிய அணுவின் ஆரை 160, ஹாஃப்னிய அணுவினது 159. பளிங்கிலே ஒன்றின் ஆசனத்தில் மற்றொன்று அமர்ந்தால் பளிங்குக்கே வேறுபாடு தெரியாது. அதே கூட்டத்திற் சிர்க்கோனியத்துக்கு மேலே நிற்கும் தைத்தேனியத்துக்கோ 147.

ஆக, வெள்ளிக்கும் பொன்னுக்கும் நேர்ந்ததே சிர்க்கோனியத்துக்கும் ஹாஃப்னியத்துக்கும் நேர்ந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் இறங்கும் படியிலே குறுக்கிடுகின்றவை 58ஆம் எண்ணுள்ள சீரியம் முதல் 71ஆம் எண்ணுள்ள இலுத்தேசியம் வரையான 14 அருமண் மூலகங்கள். பேருவளைக் கடற்கரையில் மோனசைட்டு மணலெனக் கிடப்பது இவற்றிற் சிலவற்றின் உறைவிடம். இந்தப் பதினான்கிலும் கருவின் ஏற்றம் ஒவ்வொன்றாக ஏறுகிறது. ஆனால் புதிய இலத்திரன் வெளியோட்டிற்கு வராமல், இரண்டு ஓடுகளுக்கு உள்ளே, f என்று வழங்கும் உபசக்திமட்டத்தில் அடங்கிவிடுகிறது. ஆடிவேல் விழா இரதத்துக்கு முன்னே நிற்போர் நெருங்கி நின்றால் பின்னே நிற்பவருக்கு இரதம் தெரியாது, கலைந்து பரந்து நின்றால் இடைவெளியூடே நன்றாகத் தெரியும். அவ்வாறே, பரந்து சிதறிய வடிவங்கொண்ட இந்த உள்ளிலத்திரன்கள் கருவை வெளி இலத்திரன்களினின்று செவ்வையாக மறைப்பதில்லை. படிதோறும் ஏறும் ஆகர்ஷணத்தில் ஒரு சிறு பங்கு மறைபடாமல் வெளியே சென்று அணுவைச் சிறிது உள்ளிழுக்கிறது. மும்மை ஏற்றமுள்ள இலந்தன அயனின் ஆரை 103 பைக்கோமீற்றர். இலுத்தேசிய அயனின் ஆரை 86. இதற்கு இலந்தனைட்டுச் சுருக்கம் என்று பெயர். ஒவ்வோர் அடியிலும் அற்பமான இந்தச் சுருக்கம், பதினான்கு அடிகளின் முடிவிலே, ஒரு புதிய ஓடு சேர்வதால் வரவேண்டிய பருமன் முழுவதையும் ஈடுசெய்துவிடுகிறது. ஆகையால் பொது நியதி இங்கே பொய்த்துவிட்டதென்று கொள்வது தவறு. இடமிருந்து வலமாகச் சுருங்கும் விதி நெடுந்தூரம் நின்று செயற்பட்டு, மேலிருந்து கீழாகப் பருக்கும் விதியை வென்றிருக்கிறது, அவ்வளவே.

பொன்னின் விஷயத்தில் இதனோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. 79 புரோத்தன்கள் கொண்ட கருவுக்கு மிக அண்மையிலுள்ள இலத்திரன்கள் ஒளியின் வேகத்திற் பாதிக்கும் அதிகமான வேகத்தில் இயங்குவதாகக் கணிக்கப்படுகிறது. அத்தகைய வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி இலத்திரனின் திணிவு கூடுகிறது. அதன் பயனாகக் கருவை ஊடுருவிச் செல்லும் இலத்திரன்கள் யாவும், வெளியோட்டிலுள்ள அந்த ஒற்றை இலத்திரன் உட்பட, உள்நோக்கி இறுகுகின்றன. பொன் தன் இலத்திரனை எளிதில் விடாமைக்கும், காற்றும் உப்பும் வெறும் நைத்திரிக்கமிலமும் அதை ஒன்றும் செய்யமாட்டாமைக்கும் இந்த இறுக்கம் ஒரு முக்கிய ஏது. பொன்னின் நிறமே இதன் விளைவு என்பதுதான் எனக்கு எல்லாவற்றினும் பேரற்புதமாகத் தோன்றுகிறது. வெள்ளியின் உள்ளிலத்திரன்களை மேலே ஏற்றுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த ஒளி வேண்டும். ஆகவே அது காணக்கூடிய நிறங்கள் அனைத்தையும் ஏறக்குறையச் சமமாகத் திருப்பியனுப்பி வெண்மையாகத் தோன்றுகிறது. பொன்னில் அந்த இடைவெளி குறுகிப்போனதால் நீல ஒளியே அதற்குப் போதும். நீலத்தை விழுங்கியபின் எஞ்சுவது மஞ்சள்.

உருக்குமுகத்தில் நிற்கும் பொற்கொல்லரின் அநுபவத்துக்கும் இந்த ஆரைகளுக்கும் உள்ள சம்பந்தம் நெருங்கியது. பொன்னும் வெள்ளியும் ஒரே பருமனுள்ள அணுக்களாதலால் எந்த விகிதத்தில் உருக்கிச் சேர்த்தாலும் ஒன்றோடொன்று கலந்து ஒரே திண்மமாக உறைகின்றன; அந்தக் கலப்பில் நிறம் வெளிறுகிறதே தவிர, கடினம் பெரிதாக ஏறுவதில்லை. 128 பைக்கோமீற்றர் ஆரையுள்ள செப்பணுவோ, 144க்குரிய ஆசனத்தில் அமரும்போது பொருந்தாமல் அணுநிரைகளைக் கோணச் செய்கிறது; கோணிய நிரைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இயலாததால் பொன் உறுதியடைகிறது. தேயாத காப்பு வேண்டுமானால் செம்பு சேர்க்க வேண்டும் என்பதை அணுவின் ஆரையை அளக்க வல்லார் பிறப்பதற்கு முன்பே கைத்தொழில் கண்டறிந்திருந்தது. உரைகல்லில் இழுத்த கோட்டின்மேல் அமிலம் இடும்போது செம்பும் வெள்ளியும் கரைய, பொன் மட்டும் நிற்பதும், முன் சொன்ன இலத்திரனை விடாத சுபாவத்தினாலேயே.

சிர்க்கோனியத்தோடு ஹாஃப்னியத்துக்குள்ள ஒற்றுமை அணுவுலைகளைக் கட்டுவோருக்குப் பெருந்தொல்லையாய் முடிந்தது. சிர்க்கோனியம் நியூத்திரன்களை ஏறக்குறைய உறிஞ்சாமல் விடுவதால் யுரேனிய எரிபொருளுக்கு உறை செய்ய ஏற்ற உலோகம். ஹாஃப்னியமோ அவற்றை அதைப்போல் பல நூறு மடங்கு விழுங்குவது. இரசாயன குணத்திற் பிரிக்கவொண்ணா இரட்டையர், கருவின் குணத்தில் இரு துருவங்கள்! இரண்டையும் கரைப்பான்களில் மீண்டும் மீண்டும் கரைத்துப் படிப்படியாகப் பிரிக்கிறார்கள். நமக்கு எதிர்க்கரையில், தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள பழையகாயலில், இந்திய அணுசக்தித் துறையின் சிர்க்கோனிய ஆலை ஒன்று இருக்கிறது. அத்தகைய ஆலைகளுக்கு மூலப்பொருள் நம் புல்மோட்டைக் கடற்கரையிலும் குவிந்துகிடக்கும் சிர்க்கன் மணலே.

இத்தகைய ஒற்றுமைக்கு நம் தீவின் கல்லிலேயே இன்னொரு சான்றும் உண்டு. ஜிந்துப்பிட்டிக்கு அருகே கொச்சிக்கடையில் கருங்கல்லால் எழுந்து நிற்கும் பொன்னம்பலவாணேசர் கோவிலை அறியாதார் இல்லை. அதனைக் கல்லாற் புதுக்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு மாமன் மகனான ஆனந்த குமாரசுவாமியைக் கலைத் தத்துவ ஆசிரியராகவே பெரும்பாலோர் அறிவர். அவர் தம் இளமையில் இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் தலைவராயிருந்தவர். பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கனமான கருநிறக் கனசதுரப் பளிங்கொன்றை 1904இல் அவர் ஆராய்ந்தார். முதலில் அது யுரேனிய ஒட்சைட்டான யுரேனைனைட்டு என்று கருதப்பட்டது. இலண்டனில் டன்ஸ்டன் என்ற இரசாயன அறிஞர் பகுத்தாராய்ந்த பின்னரே, பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டாலான புதிய கனிப்பொருள் என்று தெளிந்து, தோரியனைட்டு எனப் பெயர் பெற்றது. மறு ஆண்டே, இராம்சே என்ற இரசாயன அறிஞரின் இலண்டன் ஆய்வுகூடத்தில், இலங்கைத் தோரியனைட்டிலிருந்து ஓட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞர் கதிரியக்கத் தோரியத்தைப் பிரித்தறிந்தார். அந்தக் கனிப்பொருளை யுரேனைனைட்டு என மயங்கியதிற் குற்றமில்லை. இலந்தனைட்டுகளைப் போன்ற சுருக்கம் தோரியம் முதலிய கீழ்வரிசையிலும் நிகழ்வதால், நான்மை ஏற்றமுள்ள தோரிய அயன் 94 பைக்கோமீற்றரும் யுரேனிய அயன் 89 பைக்கோமீற்றருமாக மிக அணுகி நிற்கின்றன. இரண்டின் ஒட்சைட்டுகளும் ஒரே அமைப்புள்ள கனசதுரப் பளிங்குகளாக உறைந்து, ஒன்றிலொன்று தாராளமாகக் கலக்கின்றன. பலாங்கொடைக் கல்லிலும் தோரியத்தோடு யுரேனியம் கலந்தே இருந்தது.