கையெழுத்தா, கைப்பழக்கமா?

தறியின் முன் நிற்காமலே ஒருவன் நெசவு கற்றுவிட்டான் என்று சொன்னால், பொதட்டூர்ப்பேட்டையில் எவரேனும் நம்புவரோ? நூல் அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது விரல். அந்த விரலுக்குப் பாடம் சொன்னவர் பக்கத்துத் தறிக்காரர், ஏடு அன்று!

அதே நெசவாளியின் துணைவிக்கு இடுப்பு வலி எடுக்கிறது. திருத்தணி அரசு மருத்துவமனைக்கோ, வேறோர் அரசு மருத்துவமனைக்கோ ஓடுகிறார்கள். பிரசவ வார்டில் அவள் தலைமாட்டில் நிற்கிறாள் பத்தொன்பது வயது நர்சிங் மாணவி. அந்தப் பெண்ணின் விரலுக்குப் பாடம் சொல்வது யார்? இதைத்தான் கேட்கின்றோம்.

கோயிலின் கருவறைக்குள் நுழைவோருக்கு மாலை மரியாதை. தாயின் கருவறையிலிருந்து பிள்ளையை ஏந்தி எடுத்த மருத்துவச்சிக்கோ திண்ணைக்கு வெளியே படியரிசி! இதுதான் பழைய நாட்டு வழக்கம். தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறிய அந்தக் கலையைச் சாதியின் பெயரால் இழிவாக வைத்தார்கள். 1926-இல் சென்னை மாகாணத்தில் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவு வந்தது, பரீட்சை வந்தது. நல்லதுதான். ஆனால் பக்கத்தில் நின்று கைபிடித்துக் காட்டும் அந்தப் பழைய முறை இருந்ததே, அதுவும் பரீட்சைத் தாளோடு போய்விட்டதோ என்ற ஐயம் நமக்குண்டு.

துணி எவ்வளவு நனைந்தால் அரை லிட்டர் குருதி போயிற்று என்று பொருள்? எந்தப் புத்தகம் இதைக் கண்ணுக்குக் கற்பிக்கும்? குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போட வேண்டும். அழாத குழந்தைக்கு அதே நிமிடத்துக்குள் முகமூடி வைத்து மூச்சூட்ட வேண்டும். நிமிடக் கணக்கில் உயிர் ஊசலாடும் இடம் அது. பத்துப் பிரசவம் பார்த்த சிஸ்டர் ஒருவர் அருகே நின்று, "பொறு, இப்போது பிடி, இப்போது விடு" என்று சொன்னால்தான் கை பழகும்.

அவருக்கோ நேரம் இல்லை! வலியோடு படுத்திருக்கும் தாய்மார், எழுத வேண்டிய பதிவேடுகள், ஓயாத தொலைபேசி. கற்பிப்பதற்குத் தனிப் படி கிடையாது, தனிப் பொறுப்பும் கிடையாது. பல நர்சிங் கல்லூரிகளின் மாணவிகள் ஒரே வார்டில் கூடுகிறார்கள். ஒரு பிரசவத்தை ஆறு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கப்படுகிறவளும் ஒரு பெண்தான் என்பதை அப்போது யார் நினைக்கிறார்கள்? பார்த்தவளுடைய குறிப்பேட்டில், தானே பிரசவம் பார்த்ததாகக் கையெழுத்து விழுமானால், அந்தக் கையெழுத்துக்கு விலை ஓர் உயிர்.

வேறொன்றும் உண்டு. மாணவி கைவேலையை மட்டுமா கற்கிறாள்? வலியில் கத்துகிறவளை ஏசக் கண்டால், ஏச்சையும் கற்கிறாள். முப்பது ஆண்டுகள் ஏசுவாள். தோளைத் தடவி நாலு நல்ல வார்த்தை சொல்லக் கண்டால், அதையும் கற்பாள்.

1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. முதலானோர் போராடி மீட்ட மண். ஆனாலும் எல்லையோரச் சிற்றூர்களில் வலி வந்தால் "நொப்பி, நொப்பி" என்று கதறும் தெலுங்குத் தாய்மாரும் உண்டு. தமிழிலும் முக்கு, தெலுங்கிலும் முக்கு. அந்த ஒரு சொல் போதுமா? மற்றவற்றையும் கற்றுத் தர அனுபவமுள்ள சிஸ்டர் வேண்டாமா?

இங்கிலாந்தில் மாணவி 40 பிரசவம் பார்க்க வேண்டும். 2018-இல் அங்கே விதியை மாற்றினார்கள்: உடனிருந்து கற்பிப்பவர் ஒருவர், தேர்ச்சி தீர்மானிப்பவர் வேறொருவர். மாணவியை ஆள் கணக்கில் சேர்த்து வேலை வாங்கவும் கூடாது. சீமைக்குப் போவானேன்? தெலங்கானா 2017-இல் நர்சுகளுக்குப் பதினெட்டு மாத மருத்துவச்சிப் பயிற்சியைத் தொடங்கிற்று. மறு ஆண்டே இந்திய அரசும் அத்தகைய பயிற்சிக்கு நெறிமுறை வெளியிட்டது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு 44.9 பிரசவம் அறுவையால். இந்தியச் சராசரி 21.5 தான். தனியாரிடத்தில் 63.8. ஆகவே சுகப்பிரசவம் கற்கும் பள்ளிக்கூடம் அரசு வார்டுதான், ஏழைத் தாய்தான் பாடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் வேண்டும் என்பது பேராசையா?

ஒவ்வொரு ஷிப்டிலும் கற்பிப்பதற்கென ஒரு சிஸ்டர், அவருக்குப் படி, அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை இல்லை. இதைக் கேளுங்கள் தோழர்களே! உங்கள் ஊர் மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கம் அடுத்த முறை கூடும்போது, கட்டடத்துக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், கற்றுத் தருபவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.