சூரிய ஒளியால் வீட்டு விளக்கு

மகாவலி கண்டி மாநகரை வளைந்து சென்று, பொல்கொல்லையில் திருப்பப்பட்டும் விக்டோரியாவில் தேக்கப்பட்டும் இலங்கைக்கு மின்னளிக்கின்றது. ஆயினும், ஆற்றங்கரையில் வாழ்வதனாலேயே நம் வீட்டு விளக்கு அணையாதென்று கூறுதற்கில்லை. எரிபொருள் வாங்கச் செலாவணியின்மையாலும் நீர்த்தேக்கங்கள் வற்றியமையாலும், 2022 மார்ச்சு 31ஆம் நாள் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் நாளோ, பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த ஒரு குரங்கு நாடெங்கும் மின்சாரத்தைத் தடைப்படுத்தியது. இத்தகைய இரவுகளிற் சோதனைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு விளக்கேனும் வேண்டாமோ? அதனைக் குறைந்த செலவில் நாமே அமைக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஓர் ஐயத்தைக் களைதல் வேண்டும். நகரிற் பல கூரைகளிற் காணப்படும் பெரிய சூரியத் தகடுகள் பொது மின்வழியோடு இணைந்தவை. பற்றறி இல்லாத அத்தகைய அமைப்பு, மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் ஊழியரை மின் தாக்காதிருத்தற்பொருட்டே அவ்வாறு அமைத்துள்ளனர். நாம் கூறப்போவதோ பொது மின்வழியோடு எவ்விதத் தொடர்புமற்ற, 12 வோல்ற்றில் இயங்கும் சிறு அமைப்பு.

அமைப்பின் உறுப்புகள் நான்கு: ஒளியை மின்னாக்கும் தகடு, அதனைச் சேமிக்கும் பற்றறி, இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, மிகுதியாக ஏறாமலும் அடியோடு வடியாமலும் காக்கும் கட்டுப்படுத்தி, விளக்கு முதலிய கருவிகள். தகட்டிலுள்ள ஒவ்வொரு சிலிக்கன் கலமும் ஏறத்தாழ அரை வோல்ற்றே தரும். 36 கலங்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ற்று கிடைக்கும். 12 வோல்ற்றுப் பற்றறியை ஏற்ற அது போதும். பழைய தகட்டை மலிவாக வாங்குவோர், வெயிலில் வைத்து அளவியால் அதன் வோல்ற்றையும் அம்பியரையும் சோதித்த பின்னரே பணங்கொடுத்தல் நன்று.

வாங்குமுன் கணக்கிடுக. 7 வாற்று எல்.ஈ.டி. விளக்கு மூன்று, நான்கு மணி நேரம் எரிய 84 வாற்று-மணி. 15 வாற்று மின்விசிறி ஆறு மணி நேரம் சுழல 90. தொலைபேசிகளுக்கும் இணையக் கருவிக்கும் 60. ஆக மொத்தம் 234. நம் மலைப்பகுதியில் நாளொன்றுக்கு நான்கு மணி நேர முழு வெயிலென்று கொள்வது பாதுகாப்பான கணக்கு. 100 வாற்றுத் தகடு 400 வாற்று-மணி தரும். வெப்பம், கம்பி, பற்றறி ஆகியவற்றால் மூன்றிலொரு பங்கு வீணானாலும் நம் தேவைக்குப் போதும். மாறாக, 1500 வாற்றுக் கேத்தல் பத்து நிமிடத்தில் 250 வாற்று-மணியை விழுங்கிவிடும்! ஓரிரவின் ஒளியை ஒரு கேத்தல் வெந்நீருக்கு விற்கலாமோ? அடுப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் இதனோடு இணைக்க எண்ணற்க.

பற்றறியே செலவு மிக்க உறுப்பு. விரைவிற் கெடுவதும் அதுவே. ஈயப் பற்றறியைப் பாதிக்குமேல் வடியவிடின் அதன் ஆயுள் குறையும். ஆதலின் அதில் 100 அம்பியர்-மணி அளவுள்ளது வேண்டும். பாதுகாப்புச் சுற்றுடன் கூடிய இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகையாயின், 50 அம்பியர்-மணியே மழைக்காலத்து இரண்டு இரவுகளுக்குப் போதும். முதற்செலவு கூடினும் பல்லாண்டுகள் உழைக்கும். 1997இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய திட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த திட்டத்தாலும், மின்வழி எட்டாத ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கை வீடுகள் சூரிய விளக்குப் பெற்றன. ஊருக்கு மின்வழி வந்தபோதும் பற்றறி ஓய்ந்தபோதும் அவற்றுட் பல கைவிடப்பட்டன. புதிய பற்றறிக்கென மாதந்தோறும் சிறு தொகை சேமியாதவனின் தகடு வெறுங்கண்ணாடியே என்பது அதனால் நாம் பெறும் பாடம்.

கண்டி வடக்கே 7 பாகையில் உள்ளது. ஆதலின் தகட்டைத் தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 பாகை சாய்த்தால், மழைநீரே தூசியைக் கழுவிச் செல்லும். திசையினும் நிழலே நம் பகை. கலங்கள் தொடராக இணைந்தமையால், ஒரு பலாவிலையின் நிழலும் தகட்டின் விளைவைப் பெரிதும் குறைக்கும். மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் வீடு கட்டியோர், ஒரு நாள் முழுவதும் நிழலின் போக்கை நோக்கிய பின்னரே இடத்தைத் தெரிதல் வேண்டும். தோட்டத்து லயன்களின் துருப்பிடித்த தகரத்தில் ஆணியடித்து மாட்டற்க; கீழுள்ள மரச்சட்டத்தோடு பிணைக்க, அன்றி முற்றத்தில் இரும்புக் கம்பம் நடுக.

இணைக்கும் முறையும் உண்டு. தகட்டைத் துணியால் மூடுக. பற்றறியைக் கட்டுப்படுத்தியோடு முதலில் இணைக்க. அதன்பின் தகட்டை இணைக்க. இறுதியில் விளக்குகளை இணைக்க. கழற்றும்போது இம்முறையைத் தலைகீழாக்குக. பற்றறியின் நேர்முனைக்கு அருகிலேயே 10 அம்பியர் உருகி இருத்தல் இன்றியமையாதது. 12 வோல்ற்று நம்மைத் தாக்காதாயினும், குறுஞ்சுற்று வீட்டை எரிக்கவல்லது. தகட்டிலிருந்து வரும் கம்பி 10 மீற்றராயின் 4 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியைக் கொள்க. மெல்லிய கம்பி மின்னை வெப்பமாக்கி வீணாக்கும். ஈயப் பற்றறி ஏறுங்கால் ஐதரசன் வெளிவருமாதலின், அதனைப் படுக்கையறையில் வையாது காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க. பழுதானதை ஆற்றோரத்தில் எறியற்க, ஈயம் நஞ்சு. கடைக்காரரிடம் கொடுத்தால் பழைய பற்றறிக்கு விலையும் கிடைக்கும்.

முதலாண்டில் ஒரு தகடு, ஒரு பற்றறி, இரு விளக்கு எனத் தொடங்குக. வசதி வரும்போது பெருக்குக. தாமே இணைத்ததைத் தாமே பழுதுபார்க்கவும் இயலும். விடுமுறைக்கு வரும் பழைய மாணவர், தம் ஊர்ப் பிள்ளைகளோடு அமர்ந்து இவ்வாறு ஒரு விளக்கை அமைப்பாராயின், பாடநூலிற் கற்ற மின்னியல் அப்பிள்ளைகளின் கைக்கும் எட்டும்.