மாதவிடாய் நின்ற பின்னும் பலன் தரும் உடற்பயிற்சி

ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியதாரர்கள் உயிர்வாழ் சான்று அளிக்க எங்கள் கிளைக்கு வருகின்றனர். முதிய தாயாரைக் கைப்பிடித்து அழைத்துவரும் மகள்களுக்கே ஐம்பது வயது நெருங்கியிருக்கும். லம்பா லைனிலிருந்து அவ்வாறு வந்த வாடிக்கையாளர் ஒருவர், தமக்கும் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டதாகக் கூறினார். நடைப்பயிற்சி மேற்கொள்ளலாமே என்றோம். “மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. இனி நடந்து என்ன பயன், சார்?” என்று கேட்டார். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். எனினும் இக்கேள்விக்குரிய விடையைத் தேடிப் படித்தோம்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் படிந்த கொழுப்பு, வயிற்றினுள் உறுப்புகளைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. இக்கொழுப்பு இன்சுலினின் செயலை மந்தமாக்கும். கெட்ட கொலஸ்டிராலும் உயரும். எடை மாறாதிருக்கும்போதே இவை நிகழக்கூடும் என்பதால், எடைக்கருவியைவிட அளவுநாடாவே நம்பத்தக்கது. இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டுவது எச்சரிக்கையாகும்.

உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோஸின் பெரும்பகுதியை ஏற்பவை தசைகளே. இயங்கும் தசை, இன்சுலின் சரிவரச் செயல்படாத நிலையிலும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாதவிடாய் நின்றபின் இவ்வழி அடைபடுவதில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில், வயதில் அதிக வேறுபாடில்லாத இருவகைப் பெண்களுக்கும் மூன்று மாதம் கடுமையான சைக்கிள் பயிற்சி அளித்து ஆராய்ந்தனர். மாதவிடாய் நின்றவர்களும் நிற்காதவர்களைப் போன்றே பயன் பெற்றனர்.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் முன்நிலையில் இருந்த 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். மூன்றாண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுள் அது ஏறத்தாழ 39. அந்த 531 பேரில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்கினரே என்பதுதான் எங்களை உறுத்துகிறது.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியும், இரு நாள் தசைப் பயிற்சியும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீட்டுவேலையே போதாதா என்று கேட்பவர்கள் பலர். அடுப்படியில் நிற்பது களைப்பைத் தரும், மூச்சை வேகப்படுத்தாது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம். இங்கு ஐந்து மணியளவிலேயே விடிந்துவிடுவதால் காலைவேளை வசதியானது. ஏற்ற இறக்கமுள்ள நம் தீவுச் சாலைகளில் மேடேறுவது தசைக்கும் நல்ல வேலை தரும்.

“மழை விடாமல் பெய்தால்?” என்பது அவ்வம்மையாரின் அடுத்த கேள்வி. நாற்காலியில் கைகளை ஊன்றாமல் பத்துமுறை உட்கார்ந்து எழலாம்; சுவரில் கைவைத்துத் தள்ளலாம்; தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், நெஞ்சுவலியோ மூட்டுவலியோ உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குதல் வேண்டும். முப்பது வயது கடந்தவர்களுக்கு அரசு சுகாதார மையங்களில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை இலவசம். தாயாரை அழைத்துச் செல்லும் நாளிலேயே மகளும் செய்துகொள்ளலாம்.