கேபிளுக்குள் இசை இல்லை

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பதிவுசெய்த மெட்டு மறுநாள் காலையில் ஊமையாகிவிட்டது. கணினித் திரையில் ஒவ்வொரு ஸ்வரமும் சின்னப் பட்டையாக அப்படியே இருக்கிறது. பிளே பொத்தானை அழுத்தினால் கோடு நகர்கிறது. ஸ்பீக்கரில் மட்டும் சத்தமே இல்லை. அரை மணி நேரம் தவித்த பிறகுதான் கவனித்தேன், சிந்தசைசரின் சுவிட்சையே போடவில்லை. போட்டதும் யாரோ வாசிப்பதுபோலத் தானாக ஒலிக்கத் தொடங்கியது.

ஒலியைப் பதிவுசெய்ததாக நினைத்திருந்தேன். கணினியில் இருந்ததோ, எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுத்தினேன் என்ற குறிப்பு மட்டும். மிடி என்ற ஏற்பாடு இதுதான். சிந்தசைசரைக் கணினியோடு இணைக்கிறவர்களில் பலர் முதலில் தடுமாறுவதும் இங்கேதான்.

மிடி மொழியில் ஒரு ஸ்வரத்தின் தொடக்கம் மூன்றே எண்கள். எந்த சேனலில் என்ன செய்ய வேண்டும் என்பது ஓர் எண். எந்தக் கட்டை என்பது இன்னொன்று. பியானோவின் நடு ‘சி’க்கு 60. அழுத்திய வேகத்துக்கு மற்றொன்று, 127 வரை. விரலை எடுத்ததும் தனிச் செய்தி போகும். ஸ்வர வரிசையைத் தாளில் எழுதிக் கொடுப்பதுபோலத்தான் இது. பாட வேண்டியவர் பாடகர். அதனால்தான் பிசகிய ஒரே ஸ்வரத்தை மட்டும் பிறகு மவுசால் நகர்த்தித் திருத்த முடிகிறது. கமகத்துக்கும் வழி உண்டு. சுருதியை வளைக்கும் சக்கரத்தின் அசைவு 16,384 படிகளாகப் போகும். ஆனால் அந்த சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரத்தையும் அது சேர்த்தே வளைக்கும். கூடவே ஷட்ஜத்தைப் பிடித்திருந்தால் அதுவும் ஆடிவிடும்.

1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் கீபோர்டு சொல்வது இன்னொரு நிறுவனத்தின் கீபோர்டுக்குப் புரியாது. அமெரிக்க சிந்தசைசர் வடிவமைப்பாளர் டேவ் ஸ்மித்தும் ரோலண்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜப்பானியர் இகுதாரோ ககேஹாஷியும் ஒரு பொதுமொழிக்காகப் போட்டி நிறுவனங்களோடு பேசினார்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் புராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6ஐயும் கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசிக்க, மற்றது ஒலித்தது. அந்த மொழிக்கு யாரும் உரிமத்தொகை கேட்கவில்லை. எனக்கு அந்த இசை அதிசயத்தைவிட இந்தப் பெருந்தன்மைதான் பெரிதாகத் தெரிகிறது.

ஒலிக்குப் பாதை வேறு. சிந்தசைசரின் பின்பக்கத்திலிருந்து ஜாக் கேபிள் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குப் போக வேண்டும். அது மின்னலையை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்ணாக்கும். கணினி அவற்றை ஒவ்வொன்றாக வாங்காது; ஒரு கை சேர்ந்த பிறகே அள்ளும். பஃபர் என்பது அந்தக் கையளவு. 128 எண்கள் என்றால் ஏறக்குறைய 3 மில்லிநொடித் தாமதம், ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்த மாதிரி. 1,024 என்றால் 23 மில்லிநொடி, எட்டு மீட்டர் தள்ளி. இது உள்ளே வருவதற்கு மட்டும். வெளியே போகவும் இதே காத்திருப்பு உண்டு. விரல் ஓரிடம், காது ஓரிடம் என்றாகிவிடும். வாசிக்கும்போது பஃபரைக் குறைத்து வையுங்கள்.

ஒரே ஸ்வரம் இரட்டையாகக் கேட்டால் பதற வேண்டாம். கட்டையிலிருந்து நேராக ஒரு முறை, கணினி திருப்பி அனுப்புவதால் ஒரு முறை ஒலிக்கிறது. சிந்தசைசரில் ‘லோக்கல் கன்ட்ரோல்’ என்பதை அணைத்தால் சரியாகும்.

என்னை அதிகம் படுத்தியது இரைச்சல்தான். மிடிக்கு யுஎஸ்பி கேபிளையும் ஒலிக்கு ஜாக் கேபிளையும் போட்டபோது, இரண்டின் எர்த் இணைப்பும் சேர்ந்து சிந்தசைசருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு வளையம் ஆகிவிட்டது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் அதில் ஏறி வந்தது. மவுசை நகர்த்தினால் கூடவே ஒரு கிறீச்சல். இதை 1983லேயே யோசித்திருக்கிறார்கள். ஐந்து முள் கொண்ட பழைய மிடி கேபிளில் வரும் மின்சாரம், வாங்கும் கருவியின் சுற்றுக்குள் நுழைவதே இல்லை. வாசலில் ஒரு சில்லுக்குள் குட்டி எல்இடியை எரியவிட்டு, அதோடு நின்றுவிடும். எதிரிலுள்ள ஒளியுணரி அந்த மினுக்கலை, நொடிக்கு 31,250 பிட் வேகத்தில், படித்துக்கொள்ளும்.

யுஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு, ஐந்து முள் கேபிளை இன்டர்ஃபேஸில் செருகினேன். முனகல் நின்றது. அன்றிரவு அந்த மெட்டை முதல் முறையாக ஒலியாகப் பதிவுசெய்தேன். கடைசி ஸ்வரம் தேய்ந்து மறையும் வரை கேட்டது.