உங்களுக்குத் தெரியுமா? ஆதிச்சநல்லூர் முதல் அந்தமான் வரை… ஆச்சி வழி வந்த ரகசியம்!

உங்கள் உடம்பில் ஒரு சமாச்சாரம் முழுக்க முழுக்க அம்மா கொடுத்தது. அப்பா பங்கு பூஜ்யம்! பெயர், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அதில் மொத்தமே 16,569 எழுத்துகள்தான்!

அம்மாவுக்கு அதைக் கொடுத்தது ஆச்சி. ஆச்சிக்கு அவள் அம்மா. மகனுக்கும் கிடைக்கும், ஆனால் மகனோடு கதை முடிந்தது. அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகும் உரிமை மகளுக்கு மட்டும்தான்! (சொத்துப் பத்திரம் எழுதும்போது மட்டும் இதை யாரும் நினைப்பதில்லை!)

இந்த ஆச்சி வரிசை எங்கே போய் முட்டும்? 1987ல் மூன்று விஞ்ஞானிகள் உலகம் பூராவும் 147 பேரின் டி.என்.ஏ.வை எடுத்துப் பின்னோக்கிப் போனார்கள். அத்தனை வரிசையும் ஒரே பெண்ணிடம் போய் நின்றது. ஊர்: ஆப்பிரிக்கா. காலம்: சுமார் 2,00,000 ஆண்டுகளுக்கு முன்! தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தால் உங்களுக்கும் அவளுக்கும் நடுவே 8,000 அம்மாக்கள்!

இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேர் ‘எம்’ என்ற ஒரே தாய்க்கிளையைச் சேர்ந்தவர்கள். ஜாதி, மொழி, மாநிலம் எதுவும் கணக்கில்லை!

சரி, நம்ம தாமிரபரணிக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், ஆற்றின் தென்கரையில் ஒரு செம்மண் பரம்பு. அதுதான் ஆதிச்சநல்லூர். பரப்பு 114 ஏக்கர். அத்தனையும் இறந்தவர்களைப் புதைத்த தாழிக்காடு!

அங்கே முதலில் மண்வெட்டி போட்டது யார் தெரியுமா? பெர்லினிலிருந்து வந்த ஃபெடோர் யாகோர். வருஷம் 1876. கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு பெர்லினுக்கே போய்விட்டார்!

அடுத்து 1903-04ல் பிரான்சிலிருந்து லூயி லாப்பிக் வந்தார். அவர் பங்குக்கு மண்டை ஓடுகள் பாரிஸ் போயின. இவர் தொல்லியல்காரரே இல்லை. நரம்பு எவ்வளவு வேகத்தில் தூண்டப்படுகிறது என்று அளந்து உலகப் புகழ் பெற்ற உடலியல் அறிஞர்!

நடுவில் அலெக்ஸாண்டர் ரீ என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஆற அமரத் தோண்டினார். இரும்பு வாள், வெண்கலக் குவளை, நெற்றியில் கட்டும் தங்கப் பட்டம் என்று கிடைத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. தங்கப் பட்டத்தின் இரு முனையிலும் கயிறு கோக்கத் துளை இருக்கும். போய் உற்றுப் பாருங்கள்!

இதைக் கேளுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நம்ம ஆதிச்சநல்லூர் மண்டை ஓடுகளை அளந்து 1930ல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் எழுதியவர் சாலி சக்கர்மேன். பதினான்கு வருஷம் கழித்து அதே மனிதர் என்ன செய்தார்? நார்மண்டி படையிறக்கத்துக்கு முன் எந்தெந்த ரயில் பாதையைக் குண்டு போட்டு முடக்கலாம் என்று நேச நாடுகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார்! தாமிரபரணிக் கரை மண்டை ஓட்டிலிருந்து ஹிட்லரின் தண்டவாளம் வரை!

2004-05ல் சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி இறங்கியது. 160க்கும் மேற்பட்ட தாழிகள்! ஒரு பானை ஓட்டில் ஒரு பெண், பக்கத்தில் வாழை, நெற்கதிர், கொக்கு, மான், முதலை. களிமண்ணை ஒட்டி ஒட்டிச் செய்த உருவங்கள். ஆற்றங்கரையே அந்த ஓட்டில் இருக்கிறது!

ஆதிச்சநல்லூர் மாதிரிகளை அமெரிக்க ஆய்வகம் ஒன்று சோதித்தபோது கிடைத்த காலம்: கி.மு. 905, கி.மு. 696!

பெரிசு என்கிறீர்களா? பொறுங்கள். பக்கத்திலேயே சிவகளை. தாழிக்குள் இருந்த நெல் உமியின் வயது, கி.மு. 1155! அந்த நெல்லைக் குத்தியவளிலிருந்து இன்றைய பேத்தி வரை எண்ணினால் சுமார் 127 அம்மாக்கள்தான். நின்றுகொண்டு போனால் இரண்டு டவுன் பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள்!

அதே சிவகளையின் இரும்போ ஒரேயடியாகத் தாவுகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கைப்படி கி.மு. 3345!

பழைய எலும்பில் டி.என்.ஏ. தேடுகிறவர்கள் முதலில் அம்மா வழியைத்தான் பிடிப்பார்கள். ஏன்? மற்ற டி.என்.ஏ. ஒரு செல்லில் இரண்டு பிரதிதான். அம்மா கொடுத்ததோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்!

1997ல் நியாண்டர்தால் மனிதனிடமிருந்து முதலில் படிக்கப்பட்டதும் அம்மா வழி டி.என்.ஏ.தான். படித்த ஸ்வாந்தே பாபோவுக்கு 2022ல் நோபல்!

ஆனால் நம்ம ஊர் வெயில் இருக்கிறதே, டி.என்.ஏ.வுக்குப் பரம எதிரி! ஹரியானாவின் ராகிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். உருப்படியாகத் தேறியது எத்தனை? ஒன்றே ஒன்று! சிந்துவெளி காலத்துப் பெண் ஒருத்தி. அவளுடைய தாய்க்கிளை ‘யு2பி2’. 2019ல் வெளியான அந்த ஒரு பெண்ணின் கதைக்கு நாடே இரண்டு பட்டுச் சண்டை போட்டது!

தமிழ்நாடும் சும்மா இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பழங்கால டி.என்.ஏ. ஆய்வகமே இருக்கிறது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தாழியோடு கிடைத்த இரண்டு ஆண் மண்டை ஓடுகளுக்கு இங்கிலாந்தின் லிவர்பூலில் முகம் வரைந்துவிட்டார்கள். 2025ல் உலகமே பார்த்தது!

அப்பா வழிக்கும் மதுரைதான்! அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழு, உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்தில் ‘எம்130’ என்ற அடையாளத்தைக் கண்டுபிடித்தது. அதே அடையாளம் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும்!

அம்மா வழியிலும் ஆஸ்திரேலியா வருகிறது. 26 இந்தியப் பழங்குடிகளில் 966 பேரின் தாய்வழி டி.என்.ஏ.வை முழுசாகப் படித்தார்கள். விரல்விட்டு எண்ணும் சிலரிடம் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்குச் சொந்தமான ‘எம்42’ கிளை! இரண்டும் பிரிந்து சுமார் 55,000 ஆண்டுகள்!

அந்தமானில் இன்னும் தூரம். ஹைதராபாத் விஞ்ஞானி தங்கராஜ் குழு 2005ல் சொன்னது: ஓங்கேக்களும் கிரேட் அந்தமானியர்களும் தனியாகப் பிரிந்து 50,000 முதல் 70,000 ஆண்டுகள்!

மறுபடி நம்ம ஊருக்கு வருவோம். சாயர்புரம் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் நடந்திருக்கிறீர்களா? காலடியில் கிடப்பது கற்கால ஆயுதமாகவும் இருக்கலாம்! பலவும் ஒரு அங்குலத்துக்குள் அடங்கும் சின்னக் கல்கருவிகள். சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற இருவர் 1956லேயே அதையெல்லாம் படம் வரைந்து எழுதிவிட்டார்கள். நாம்தான் பனங்கிழங்கு வாங்கிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம்!

கொசுறாக ஒன்று! இங்கிலாந்தில் செடார் என்ற ஊர்க் குகையில் சுமார் 10,000 ஆண்டு பழைய எலும்புக்கூடு. 1997ல் அதன் பல்லிலிருந்து தாய்வழி டி.என்.ஏ.வை எடுத்து, உள்ளூர்க்காரர்களோடு ஒப்பிட்டார்கள். அதே ஊர் சரித்திர வாத்தியார் ஒருவருடன் பொருந்தியது! அவர் வீடு குகையிலிருந்து எவ்வளவு தூரம்? ஒரு கிலோமீட்டர்கூட இல்லை!

ஆதிச்சநல்லூரில் இப்போது தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு, 2023 ஆகஸ்ட் முதல் உள்ளே எட்டிப் பார்க்க வைத்திருக்கிறார்கள். தாழி எங்கே கிடந்ததோ அங்கேயே இருக்கும், நீங்கள் மேலே நிற்கலாம். நெல்லையிலிருந்து வெறும் 24 கிலோமீட்டர்!