போன் உங்களுடையது... பூட்டு யாருடையது?

கடையில் ஒரு குக்கர் வாங்குகிறீர்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே ஒரு சீட்டு: 'எங்கள் கடை அரிசி போட்டால்தான் விசில் வரும்!' சும்மா விடுவீர்களா? குக்கரைக் கடைக்காரர் தலையிலேயே கவிழ்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் செல்போன் விஷயத்தில் இந்தக் கூத்துதான் நடந்தது. ஒரு கம்பெனியிடம் வாங்கிய போனில் இன்னொரு கம்பெனியின் சிம் கார்டைப் போட்டால், 'ஊஹூம்' என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். உள்ளே மென்பொருள் பூட்டு!

கம்பெனி தரப்பு நியாயத்தையும் கேட்போம். 2012-ல் வந்த ஐபோன் 5-ன் முழு விலை 649 டாலர். இரண்டு வருஷ கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டால் 199 டாலருக்கே கிடைத்தது. மிச்சம் 450 டாலரை மாதாந்திர பில்லில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவார்கள். நடுவில் ஆள் ஓடிவிட்டால் நஷ்டம். அதற்குத்தான் பூட்டு என்றார்கள்.

நியாயம்தானே? பொறுங்கள். நடுவில் ஓடுகிறவருக்கு கான்ட்ராக்டிலேயே தனி அபராதம் உண்டு. ஏடி அண்ட் டி கம்பெனி 2010-லிருந்து ஸ்மார்ட்போனுக்கு வைத்த அபராதம் 325 டாலர். மாதம் ஆக ஆகப் பத்துப் பத்தாகக் குறையும். ஆக, கடன் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டு, ஆளையும் திண்ணைத் தூணில் கட்டிப்போட்ட கதை!

சரி, பூட்டை நாமே திறந்துகொண்டால்?

அங்கேதான் வந்தது வினை. சினிமா, பாட்டு, மென்பொருள் திருட்டைத் தடுக்க 1998-ல் அமெரிக்கா ஒரு பதிப்புரிமைச் சட்டம் போட்டது. டிஜிட்டல் பூட்டை உடைத்தால் குற்றம். அந்த வலையில் போன் பூட்டும் சிக்கிக்கொண்டது. யாருக்கு விலக்கு என்று மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை முடிவு செய்கிறவர் யார் தெரியுமோ? நீதிபதி இல்லை, மந்திரி இல்லை... அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் லைப்ரரியன்!

2006-லும் 2010-லும் அவர் போனுக்கு விலக்குக் கொடுத்தார். 2012 அக்டோபரில் கையை விரித்துவிட்டார். 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கும் புதுப் போனை, கம்பெனி அனுமதியில்லாமல் திறந்தால் சட்டவிரோதம். காசுக்காகத் திறந்து கொடுத்தால் முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை ஜெயில், ஐந்து லட்சம் டாலர் வரை அபராதம். கான்ட்ராக்ட் முடிந்து, கடன் பைசா பாக்கியில்லாமல் அடைந்த போனுக்கும் இதே கதிதான்!

ஜனங்கள் கொதித்துப் போனார்கள். வெள்ளை மாளிகைக்குப் போன மனுவில் லட்சம் கையெழுத்துக்கு மேல். 2013 மார்ச்சில் 'ஜனங்கள் கேட்பது நியாயமே' என்று பதில் வந்தது. 2014 ஆகஸ்ட் 1-ந்தேதி ஒபாமா கையெழுத்துப் போட, விலக்கு திரும்பி வந்தது.

ஆனால், 'நீயே திறந்துகொண்டால் குற்றமில்லை' என்றுதான் அந்தச் சட்டம் சொன்னது. 'கம்பெனியே, திறந்து கொடு' என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது பக்கத்து வீட்டு கனடா. 2017 டிசம்பர் 1 முதல் அங்கே புதுப் போனைப் பூட்டில்லாமல்தான் விற்க வேண்டும். பழைய போனையும் இலவசமாகத் திறந்து கொடுக்க வேண்டும். பிரிட்டனும் 2021 டிசம்பரில் பூட்டிய போன் விற்பனைக்கே தடை போட்டது. பாக்கி வசூலுக்கு பில் இருக்கிறது, கான்ட்ராக்ட் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. பூட்டு எதற்கு?

அமெரிக்காவிலிருந்து வருகிற உறவுக்காரர் 'உங்களுக்கு என்ன போன் வேணும்?' என்று கேட்டால், கலர், மாடலெல்லாம் அப்புறம் சொல்லுங்கள். முதலில் 'அன்லாக்டுதானே?' என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இங்கே நம்ம சிம்மைப் போட்டதும், மணி பார்க்க மட்டும் உதவும்!