முகத்தில் எதை முதலில் பூசுவது?

பெருநாளும் கலியாணக் காலமும் நெருங்கினால் கல்முனை பஸாரிலுள்ள பென்சிக் கடைகளில் பெண்களின் கூட்டம் நிறைந்துவிடும். முகம் கழுவும் ஜெல், ரோனர், சீரம், பகல் கிறீம், இரவுக் கிறீம், சன்ஸ்கிறீன் என்று கண்ணாடி அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றுக்கிடையில் யார் தயாரித்தது என்றே தெரியாத சிறு டப்பாக்களும் இருக்கும். எதை முதலில் பூசுவது, எதைப் பிறகு பூசுவது என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

"கிறீம் பற்றிப் பேச இதுவா நேரம்?" என்று சில சகோதரிகள் நினைக்கலாம். யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்து, 2004 சுனாமியில் வீட்டையும் இழந்து, இன்று கடன் தவணைக்காக ஓடிக்கொண்டிருப்பவர்கள் எம்மில் பலர். ஆனால், நான் பெண்கள் குழுக்களோடு வேலை செய்யும் இடங்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகின்றது. வயல் வெயிலில் கறுத்த முகம், ஷெல் துண்டு பட்ட தழும்பு, கலியாணப் பேச்சில் மகளின் நிறத்தைப் பற்றி விழும் ஒரு சொல் ஆகியவை பெண்களின் மனதை வருத்துகின்றன. அந்த வருத்தம் கையில் இருக்கும் கொஞ்சக் காசையும் கடைக்குக் கொண்டு போகின்றது.

ஒரு கூட்டம் முடிந்த பிறகு, யுத்த காலத்தில் கணவனை இழந்த ஒரு ராத்தா தன் பையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். "தங்கச்சி, இதுல எத முதல்ல பூசுற, எதப் பொறகு பூசுற? மகளுக்கு ரெண்டு மாசத்துல கலியாணம்" என்று கேட்டார். ஒன்று சாதாரண ஈரப்பதக் கிறீம். மற்றது சன்ஸ்கிறீன். மூன்றாவதில் தயாரித்தவரின் முகவரியோ, உள்ளடக்கமோ, முடிவுத் திகதியோ இல்லை. தங்கம், வெள்ளி நகைகளில் படவிடக் கூடாது என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "ராத்தா, முதல் ரெண்டுக்கும் ஒரு வரிசை இருக்கு. இந்த மூணாவதுக்கு முகத்துல இடமே இல்ல" என்றேன். ஏன் என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

சரியான வரிசை

முதலாவது, கழுவுதல். மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் போதும். உடுப்புக் கழுவும் சவர்க்காரத்தை முகத்துக்குப் பாவிக்கக் கூடாது. கழுவியபின் தேய்க்காமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

இரண்டாவது, மருந்து. வைத்தியர் தந்த பூச்சு மருந்து ஏதும் இருந்தால், அவர் காட்டிய இடத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசிச் சிறிது நேரம் விடுங்கள்.

மூன்றாவது, ஈரப்பதக் கிறீம். மருந்து இல்லாதவர்கள் தோலில் இலேசான ஈரம் இருக்கும்போதே இதைப் பூசினால் அந்த ஈரம் தங்கும். தண்ணீர் போன்றது முன்னால், தடிப்பானது பின்னால் என்பதே பொதுவான விதி. தடிப்பான எண்ணெய்ப் பூச்சை முதலில் பூசினால், அதன்மேல் பூசும் நீர்த்தன்மையானது தோலுக்குள் நன்றாகப் போகாது. ரோனரும் சீரமும் கட்டாயமானவை அல்ல. கை கால்களுக்குத் தேங்காய் எண்ணெயோ பெற்றோலியம் ஜெலியோ போதும். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது.

நான்காவது, பகலில் மட்டும் சன்ஸ்கிறீன். இது எப்போதும் கடைசியில் வர வேண்டும். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்டதை, வெளியே போவதற்குக் கால் மணித்தியாலம் முன்னர் பூசுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுக்க வேண்டும். வெயிலில் நிற்பவர்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். ஒழுச் செய்யும்போது பூசியது கழுவுப்பட்டுப் போகும். ஆகவே லுஹருக்குப் பின் வெளியே செல்பவர்கள் திரும்பவும் பூசிக்கொள்ளுங்கள். வாங்க வசதியில்லாவிட்டால் கவலை வேண்டாம். குடையும், அகன்ற தொப்பியும், முகத்தில் நிழல் விழும்படி போட்ட துணியும் நல்ல காவல்தான். தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலுக்குப் போகாதீர்கள். தோல் வெந்து கொப்பளித்துக் கறுக்கும்.

தழும்பு உள்ளவர்களுக்கு

ஆழமாக எரிந்து ஆறிய தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்திருக்கும். அதனால்தான் அந்த இடம் வறண்டு அரிக்கின்றது. வாசனை சேர்க்காத ஈரப்பதப் பூச்சை நாளில் பலமுறை பூசி, மெதுவாக நீவி விடுங்கள். வெயில் பட்டால் தழும்பு மேலும் கறுக்கும், ஆகவே மறைத்துக்கொள்ளுங்கள். பழைய தழும்பை முற்றாக அழிக்கும் கிறீம் எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது டப்பாவில் என்ன இருக்கலாம்?

தோலை வெளுக்க வைப்பதாகச் சொல்லும் சில கிறீம்களில் பாதரசம் கலக்கப்படுகின்றது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதை அது தடுக்கின்றது. சில வாரங்களில் முகம் வெளுப்பது உண்மைதான். ஆனால் பாதரசம் தோலினூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பிணியின் உடலிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பூசியவரின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் தலையணையிலிருந்தும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பரவும்.

இதன் ஏனைய அறிகுறிகளைக் கவனியுங்கள்: நித்திரையின்மை, கைநடுக்கம், காரணமில்லாத எரிச்சல், மனச்சோர்வு, ஞாபக மறதி. இவற்றைக் கண்டால் நாங்கள் உடனே "அது யுத்தத்தின் கவலை" என்று சொல்லிவிடுகின்றோம். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வெளுப்பாக்கும் கிறீம் பூசும் ஒருவருக்கு இவை வந்தால், அதையும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் உண்மையான காரணம் தெரியாமலே போகலாம்.

டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மேர்க்கியூரி, மேர்க்கியூரிக், கலோமெல் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் விட்டுவிடுங்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் பாதரசத்துக்கு ஓர் அடையாளம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கின்றது. உள்ளடக்கமே எழுதாத டப்பாவை நம்ப வேண்டாம். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் எல்லாவற்றையும் 2025 உடன் நிறுத்துவதென அதன் உறுப்பு நாடுகள் 2023 இல் தீர்மானித்தன. தீர்மானம் இருந்தாலும், பயணப் பெட்டியில் வரும் டப்பாவை நாங்கள்தான் பார்க்க வேண்டும். சந்தேகமானதை எரிக்கவோ கிணற்றடியில் ஊற்றவோ வேண்டாம். பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, ஸ்டீரொயிட் பூச்சு. பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்றவை வைத்தியர் குறித்த நோய்க்கு, குறித்த நாட்களுக்கு மட்டும் உரிய மருந்துகள். பக்கத்து வீட்டார் சொன்னதற்காக மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், முடி வளரும். நிறுத்தினால் எரிவும் சிவப்பும் கூடலாம் என்பதால் வைத்தியரின் ஆலோசனையோடு நிறுத்துங்கள்.

உணர்ச்சியற்ற வெண்படை

உடலில் வெளிறிய படை ஒன்று தோன்றி, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் எந்தக் கிறீமும் பூசாதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். மட்டக்களப்பு மாந்தீவின் கதையைக் கேட்டு வளர்ந்த எமக்கு அந்தப் பெயரே பயம். ஆனால் இன்று 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்தில் அது முற்றாகக் குணமாகும், மருந்தும் இலவசம். கிறீம் பூசிக் காலத்தைக் கடத்தினால்தான் நரம்பு பாதிக்கப்பட்டு, கைகால்கள் ஊனமாகின்றன.

கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. அரசாங்க வைத்தியசாலையில் காட்டுவதற்குக் காசு தேவையில்லை. போகும்போது பாவிக்கும் டப்பாக்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

சகோதரிகளே, முகத்தைப் பேணுவது வீண் ஆசை அல்ல. பிறருக்காகவே ஓடி ஓடி உழைத்த பெண் தனக்காக ஒதுக்கும் ஐந்து நிமிடம் அவளுடைய உரிமை. ஆனால் நிறத்தை மாற்றுவது வேறு, தோலைப் பாதுகாப்பது வேறு. பெண் பார்க்க வருபவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசினால், மகளின் படிப்பையும் கைத்தொழிலையும் பற்றிப் பேச நாங்களும் பழகிக்கொள்ள வேண்டும். கழுவுதல், மருந்து, ஈரப்பதக் கிறீம், பகலில் சன்ஸ்கிறீன் என்ற வரிசையை மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பெயரில்லாத டப்பாவை அந்த வரிசையில் சேர்க்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.